கூட்டு விளையாட்டும் மாணவர் தோழமையும்

ஒரே பெஞ்சில் ஆண்டு முழுவதும் அருகருகே உட்காரும் இரு மாணவர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே இருந்துவிடக் கூடும். அருகில் இருப்பது வேறு, தோழமை கொள்வது வேறு. ஓடியாடும் கூட்டு விளையாட்டுகள் இத்தோழமையை வளர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் எவ்வாறு ஆடினாலும் அப்பயன் கிட்டிவிடுமா?

நாடெங்கும் பள்ளிகளில் ஆடப்படும் கோ-கோவை எடுத்துக்கொள்வோம். துரத்தும் கட்சியினர் ஒன்பது பேர். அவர்களுள் எட்டுப் பேர் இரு கம்பங்களுக்கிடையே வரிசையாகக் குந்தியிருப்பர். ஒருவர் ஒரு பக்கம் நோக்கினால் அடுத்தவர் எதிர்ப்பக்கம் நோக்குவார். ஒன்பதாமவர் துரத்துவார். அவர் வரிசையின் ஊடே மறுபக்கம் செல்லலாகாது. நினைத்தபடி திரும்பி ஓடவும் கூடாது. எதிரி மறுபக்கம் பாய்ந்துவிட்டால், அப்பக்கம் நோக்கியுள்ள தோழரைப் பின்புறமிருந்து தொட்டு, 'கோ' என்று சொல்லி எழுப்பிவிட்டு, அவருடைய இடத்தில் தாம் அமர வேண்டும். எவ்வளவு விரைவாக ஓடுபவரும் தனித்து வெல்ல இயலாது. ஒருவரையொருவர் நம்பியிருக்கும் நிலையை ஆட்டத்தின் விதியே உண்டாக்குகிறது.

எனினும் இத்தோழமை கட்சிக்குள்ளேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முசாபர் ஷெரீப் என்னும் சமூக உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனை நடத்தினர். ஏறத்தாழ 11 வயதுடைய 22 சிறுவரை இரு கோஷ்டிகளாகப் பிரித்து, கயிறிழுத்தல், பேஸ்பால் முதலிய பந்தயங்களில் மோதவிட்டனர். விரைவில் பகைமை மூண்டது. ஒரு கோஷ்டியின் கொடியை மற்றது எரித்தது. ஒரே கூடத்தில் உணவருந்த வைத்தும் பகை தணியவில்லை. பின்னர், இரு கோஷ்டியும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகள் தரப்பட்டன. நகராமல் நின்ற லாரியைக் கயிறு கட்டி அனைவரும் இழுத்தனர். முன்பு அவர்கள் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறுதான் அது! இத்தகைய வேலைகளுக்குப் பின் பகைமை படிப்படியாகக் குறைந்தது.

22 சிறுவரிடம் கண்டதை எல்லாப் பள்ளிகளுக்கும் அப்படியே பொருத்துவது முறையன்று. ஆயினும் ஆசிரியர் கவனிக்கத்தக்க குறிப்புகள் இதில் உள்ளன. கட்சிகளை நிலையாக வைக்காமல் அடிக்கடி கலைத்து அமைக்க வேண்டும். தலைவர்கள் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும் வழக்கம், கடைசியில் எஞ்சும் குழந்தையைக் குன்றச் செய்யும். 'ஒன்று, இரண்டு' என எண்ணச் செய்து பிரிப்பதே நன்று. ஆட்டமிழந்தவர் மீண்டும் களம் புகக்கூடிய சடுகுடு போன்ற ஆட்டங்கள் எவரையும் நெடுநேரம் ஒதுக்கி வைப்பதில்லை. இடையிடையே அனைவருக்கும் ஒரே இலக்குள்ள ஆட்டமும் வேண்டும். வகுப்பு முழுவதும் வட்டமாக நின்று பந்தைத் தரையில் விழாமல் தட்டி, நேற்றைய எண்ணிக்கையை இன்று மிஞ்ச முயல்வது இதற்கு எளிய உதாரணம்.

பயன் கிட்டியதா என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. உணவு வேளையில் யார் யாருடன் அமர்கின்றனர், யார் தனித்திருக்கின்றனர் என்பதை இன்று ஒரு தாளில் குறித்துவைத்து, ஒரு மாதம் சென்றபின் மறுபடியும் குறித்து ஒப்பிட்டால் போதும்.