விதைநெல்லும் சோற்றரிசியும்
முகிற் சேமிப்பில் எதை எங்கே வைப்பது?

வேளாண்மை செய்யும் வீடுகளில் நெல்லும் அரிசியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்றைய சோற்றுக்கான அரிசி குசினியில், கைக்கெட்டும் வாளியில் இருக்கும். வரும் மாதங்களுக்கான நெல் மூட்டைகள் உள்ளறையில் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த போகத்துக்கான விதைநெல்லோ ஈரம் படாமல், எலி அணுகாமல் தனியே வைக்கப்பட்டிருக்கும். விதைப்புக் காலம் வரும்வரை அந்த மூட்டையை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். ஆகக் குறைவாகத் தொடப்படும் அந்த நெல்தான் ஆகப் பெறுமதியானது. ஒரு பொருள் எவ்வளவு பெறுமதியானது என்பது ஒரு கேள்வி. அதை எவ்வளவு அடிக்கடி எடுக்கிறோம் என்பது வேறொரு கேள்வி. கணினிக் கோப்புகளைச் சேமிக்கும்போது இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் காசை இழக்கிறார்கள். சில வேளைகளில் கோப்புகளையே இழக்கிறார்கள்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவியருக்கு நினைவகப் படிநிலை தெரியும். உச்சியில் பதிவகம், அதன் கீழே பதுக்கு நினைவகம், பிறகு பிரதான நினைவகம், அடியில் வன்தட்டு. மேலே போகப் போக வேகமும் விலையும் கூடும், கொள்ளளவு குறையும். பரீட்சைக்காக நாம் வரையும் அந்த முக்கோணம் கணினிப் பெட்டியோடு முடிந்துவிடுவதில்லை. முகில் என்று நாம் சொல்வதும் யாரோ ஒருவருடைய பெரிய கட்டடத்தில் இருக்கும் தட்டுகளைத்தான். அமேசன் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் நமக்குக் கிட்டிய நிலையங்கள் மும்பாய், ஐதராபாத், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் உள்ளன. அந்தக் கட்டடங்களுக்குள்ளும் படிகள் உண்டு; ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு விலை.

அமேசன் தனது எஸ்-3 சேமிப்புச் சேவையை 2006 மார்ச்சில் தொடங்கியது. அடிக்கடி திறக்காத கோப்புகளுக்காக 2012இல் கிளேசியர் வந்தது. பனியாறு என்பது அதன் பொருள். உறைந்து கிடப்பதை உருக்கி எடுக்க நேரம் பிடிக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று அந்தச் சேவையின் முக்கியமான படிகள் நான்கு. அமெரிக்காவின் வர்ஜீனியா நிலையத்துப் பட்டியல் விலைப்படி, ஒரு கிகாபைற்றை ஒரு மாதம் வைத்திருக்க வழமையான படியில் 2.3 சதம் செல்லும். அரிதாக எடுக்கும் படியில் 1.25 சதம். உடனடியாகத் திறக்கும் கிளேசியரில் 0.4 சதம். ஆக ஆழத்தில் இருக்கும் டீப் ஆர்கைவ் படியில் 0.1 சதத்துக்கும் சற்றுக் குறைவு. இவை அமெரிக்கச் சதங்கள். விலை மாறக்கூடியது, மும்பாயிலும் சிங்கப்பூரிலும் சிறிது கூட. மைக்ரோசொப்ட்டும் கூகிளும் இதே படிகளை வேறு பெயர்களில் விற்கின்றன.

மேற்படிக்கும் அடிப்படிக்கும் இடையே 23 மடங்கு வித்தியாசம் இருக்கிறதே, எல்லாவற்றையும் அடியில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்ல நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தை எடுப்போம்.

நமது ஊர்கள் பல மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கின்றன. இங்கே கடதாசிக்கு உப்புக் காற்று, மாரி ஈரம், கறையான் என்று எதிரிகள் அதிகம். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்பேரலையும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் வீடுகளோடு கொண்டுபோயின. ஒரு பாடசாலை மலர் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. 30 வருடங்களின் பின் அதில் இரண்டு பிரதிகள் எஞ்சினாலே பெரிது. நம் பகுதிப் பெண்கள் பலரின் எழுத்து புத்தகமாக வந்ததே இல்லை. பாடசாலை மலரில் ஒரு தரம் அச்சேறியது, அவ்வளவுதான். அந்த மலரும் போனால் அவர் எழுதினார் என்பதற்கே சாட்சியில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பாடசாலை மலர்களையும் சேர்த்து ஆவணப்படுத்தி வருவது இதனால்தான் முக்கியமான வேலை.

ஒரு பாடசாலை தன்னிடமுள்ள 40 பழைய மலர்களை ஸ்கேன் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஏ-4 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில், நிறத்தோடு, சுருக்காமல் டிஃப் கோப்பாக எடுத்தால் 2480ஐ 3508ஆல் பெருக்கி, நிறத்துக்காக மூன்றால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 26 மெகாபைற்று வரும். 100 பக்க மலர் 2.6 கிகாபைற்று, 40 மலர்கள் 104 கிகாபைற்று. அதே மலரைச் சுருக்கிப் பீடிஎஃப் ஆக்கினால் சுமார் 20 மெகாபைற்றில் அடங்கலாம். 40 மலர்களும் சேர்ந்து 0.8 கிகாபைற்றுத்தான்.

ஆவணக் காப்பாளர்கள் இவ்விரண்டையும் மூலக் கோப்பு, பாவனைக் கோப்பு என்று பிரித்தே வைப்பார்கள். மாணவி ஒருத்தி பழைய கவிதையைத் தேடினால் பீடிஎஃப் போதும். டிஃப் எப்போது தேவை? மலரை மறுபதிப்புச் செய்யும்போது, எழுத்துணரித் தொழினுட்பம் முன்னேறி மறுபடி வாசிப்பிக்க வேண்டிவரும்போது, பீடிஎஃப் பழுதாகும்போது. பத்து வருடத்தில் ஒரு தரம் என்று சொல்லலாம். ஆனால் அது இல்லையென்றால் கறையான் தின்ற மலரை மறுபடி ஸ்கேன் செய்ய வழியில்லை. விதைநெல் அதுதான்.

எல்லாவற்றையும் வழமையான படியில் வைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 29 டொலர். டிஃப் கோப்புகளை டீப் ஆர்கைவிலும் பீடிஎஃப்களை வழமையான படியிலும் வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை டொலர். டொலர் 300 ரூபா என்றால் 8,700 ரூபாவுக்கும் 450 ரூபாவுக்கும் உள்ள வித்தியாசம். பட்டியல் டொலரில் வருவது நமக்கு இன்னொரு தலைவலி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. ஒரு கோப்பும் கூடாமலே 5,800 ரூபாப் பட்டியல் 10,440 ஆகியிருக்கும். சிறிய பட்டியல் என்றால் அந்த அடியைத் தாங்கலாம்.

ஆழத்தில் வைப்பதற்கும் விலை உண்டு. முதலாவது நேரம். டீப் ஆர்கைவில் உள்ள கோப்பைக் கேட்டால் 12 மணித்தியாலத்துக்குள் வரும். மலிவான வழியில் கேட்டால் 48 மணித்தியாலம் வரை ஆகலாம். நாளை பரிசளிப்பு விழா, இன்றிரவு பழைய படமொன்று வேண்டும் என்றால் இது உதவாது. இரண்டாவது எடுப்புக் கூலி: ஒரு கிகாபைற்றுக்கு 2 சதம். நமது 104 கிகாபைற்றையும் எடுக்க 2 டொலர் சொச்சம். பத்து வருடத்தில் ஒரு தரம் என்றால் பொருட்டில்லை. மூன்றாவது குறைந்தபட்சக் காலம். 180 நாட்களுக்கு முன் அழித்தாலும் 180 நாட்களுக்கான கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். கூகிளின் ஆர்கைவ் படி கோப்பை உடனே திறந்துவிடும், ஆனால் அங்கே இந்தக் காலம் 365 நாள். திருத்திக்கொண்டிருக்கும் கோப்பை இத்தகைய படிகளில் போடவே கூடாது.

இலக்கிய மலர்க்காரருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தட்டச்சு செய்த கவிதை ஒன்று 10 கிலோபைற்றுக்கு மேல் வராது. அரிதாக எடுக்கும் படியில் 128 கிலோபைற்றுக்குக் குறைந்த கோப்பும் 128 என்றே கணக்கிடப்படும். டீப் ஆர்கைவில் ஒவ்வொரு கோப்போடும் 40 கிலோபைற்று மேலதிகமாகச் சேரும். ஆயிரம் கவிதைகளை ஆயிரம் கோப்புகளாக அனுப்பினால் கவிதையை விட அதைக் கட்டிய கயிறு பாரமாகிவிடும். ஆண்டுவாரியாக ஒரே சிப் கோப்பில் கட்டி அனுப்புவதுதான் சரி.

நடுப்படிகளைத் தெரிவதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பாடசாலை விழாக் காணொளிகள் 1000 கிகாபைற்று இருக்கின்றன என்போம். வழமையான படியில் மாதம் 23 டொலர், எடுப்புக் கூலி இல்லை. அரிதாக எடுக்கும் படியில் 12.50 டொலர், எடுத்தால் கிகாபைற்றுக்கு 1 சதம். மாதத்தில் ஒரு தரம் முழுவதையும் எடுத்தால் 22.50 ஆகிவிடும், மிச்சம் வெறும் 50 சதம். அதற்கு மேல் எடுத்தால் நட்டம். உடனடிக் கிளேசியரில் 4 டொலர்தான், ஆனால் எடுப்புக் கூலி 3 சதம். மாதம் ஒரு தரம் முழுவதும் எடுத்தால் 34 டொலர்! மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்தால் சராசரி மாதம் 14 டொலர். அரிதாக எடுக்கும் படியில் அதே கணக்கு ஏறத்தாழ 16 டொலர் வரும். ஆகவே பருவத்துக்கு ஒரு தரமோ அதற்குக் குறைவாகவோ எடுப்பதைக் கிளேசியரில் வைக்கலாம். இதில் இணையத்தின் வழியே வெளியே இறக்கும் கூலியை நான் சேர்க்கவில்லை. மாதத்தில் முதல் 100 கிகாபைற்று இலவசம், அதற்கு மேல் கிகாபைற்றுக்கு 9 சதம். எந்தப் படியிலிருந்து எடுத்தாலும் அது ஒன்றுதான். பலருடைய பட்டியலை வீங்க வைப்பதும் அதுதான்.

எதை எப்போது எடுப்போம் என்றே சொல்ல முடியாவிட்டால், 30 நாள் தொடாத கோப்பை ஒரு படியும் 90 நாள் தொடாததை இன்னொரு படியும் தானே கீழிறக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு எடுப்புக் கூலி இல்லை, சிறு கண்காணிப்புக் கூலி உண்டு. ஒரு மலர்க்குழுவுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. நமது கோப்புகளின் போக்கு நமக்கே தெரியும்.

“கூகிள் டிரைவ் இலவசந்தானே, அது போதாதா?” என்று மாணவியர் கேட்பதுண்டு. 15 கிகாபைற்று இலவசம். அது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்து. நமது பீடிஎஃப்களுக்கு அது தாராளம், டிஃப்களுக்குப் போதாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தனிப்பட்ட கணக்கொன்றை 2 வருடம் பாவிக்காமல் விட்டால் உள்ளே இருப்பவற்றோடு கணக்கையே அழிக்கலாம் என்று கூகிள் 2023இல் அறிவித்தது. அரிதாகத் தொடும் பொருளை வைக்க அது பொருத்தமான இடமா? ஆசிரியை ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அவருக்கு இடமாற்றம் வரும்போது கோப்புகளும் அவரோடு போய்விடும். காசு கட்டும் முகிலிலும் கடனட்டை காலாவதியாகிப் பட்டியல் கட்டப்படாமல் போனால் கணக்கு மூடப்படும். அதனால் கணக்கு பாடசாலையின் பெயரில் இருக்க வேண்டும், கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

எந்தப் படியைத் தெரிந்தாலும் ஒரே இடத்தை நம்புவது சரியில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாதவை திரும்பவே இல்லை. முகிலில் ஒன்று, அலுமாரியில் வன்தட்டு ஒன்று, வேறோர் ஊரில் இன்னொன்று என்று வைப்பது அவ்வளவு செலவான காரியமில்லை.

உறைந்த கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை உருக்காமல் தேட முடியாது. எனவே அட்டவணையை ஒருபோதும் ஆழத்தில் போடக்கூடாது. மலரின் பெயர், ஆண்டு, எழுதியவர், தலைப்பு, எந்தக் கோப்பு எந்தப் படியில் என்று ஒரு விரிதாள் மேற்படியில் இருக்கட்டும். அதன் அச்சுப் பிரதி நூலகப் பொறுப்பாசிரியையின் மேசையிலும் இருக்கட்டும். வருடத்தில் ஒரு தரம், புதிய மலர்க்குழு பொறுப்பேற்கும் வாரத்தில், ஆழத்திலிருந்து ஏதாவது ஒரு டிஃப் கோப்பை வரவழைத்துத் திறந்து பார்க்கலாம். 26 மெகாபைற்றுக்கு எடுப்புக் கூலி ஒரு சதமும் வராது. அது திறக்கிறதா, எழுத்துகள் தெரிகின்றனவா என்று பார்த்து, பார்த்த திகதியை அந்த விரிதாளிலேயே குறித்து வைத்தால் போதும்.