மழைக் கணக்கு எழுதப்போகும் தம்பிக்கு



செய்தி மேசையில் வானிலை அறிக்கை இனி உங்கள் பொறுப்பு என்று கேள்வி. முதல் வாரத்திலேயே ‘டெஃபிஷியன்ட்’ என்ற சொல் எதிரே வந்து நிற்கும். ‘பற்றாக்குறை’ என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவதுதான் மேசை வழக்கம். ஆனால் பற்றாக்குறை என்றால் தேவைக்குப் போதவில்லை என்று பொருள். இந்திய வானிலைத் துறையின் அட்டவணைக்கு யாருடைய தேவையும் தெரியாது. நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிடுவது மட்டுமே அதன் வேலை.

சராசரியைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் டெஃபிஷியன்ட். 60 முதல் 99 வரை என்றால் லார்ஜ் டெஃபிஷியன்ட். கூடுதலோ குறைவோ 19 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. 100 மி.மீ. சராசரி உள்ள மாவட்டத்தில் 82 மி.மீ. பெய்தால் வரைபடத்தில் பச்சை, 79 பெய்தால் சிவப்பு. இந்த 3 மி.மீ. வித்தியாசம் எந்த வயலிலும் தெரியாது. லார்ஜ் டெஃபிஷியன்டுக்கு நிறம் மஞ்சள். ஆக, சிவப்பைவிட மஞ்சள்தான் மோசம். பழகாத கண் தலைகீழாகப் படித்துவிடும். நாடு முழுவதற்குமான பருவமழைக்கு அளவுகோலே வேறு. சராசரியில் 90 சதவீதத்துக்குக் கீழே போனாலே அங்கே டெஃபிஷியன்ட்தான்.

‘வறட்சி’ என்று எழுதுவதற்கு முன் இன்னும் நிதானம் வேண்டும். 2016-இல் வானிலைத் துறை அந்தச் சொல்லையே விலக்கிவிட்டு, ‘டெஃபிஷியன்ட் ஆண்டு’ என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. சுமார் 44 செ.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 17 செ.மீ. கூடத் தேறவில்லை. ஆனாலும் வறட்சி என்று அறிவித்தது மாநில அரசுதான், 2017 ஜனவரியில். நிலவரி தள்ளுபடியும் பயிர்க்கடன் சலுகையும் அந்த அறிவிப்போடுதான் வந்தன. அட்டவணையைப் பார்த்து நாமாக ‘வறட்சி மாவட்டம்’ என்று எழுதினால், நிவாரணம் எங்கே என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மாநிலச் சராசரியை மட்டும் நம்பியும் எழுதக் கூடாது. 2018 வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 24 சதவீதம் குறைவு. டெஃபிஷியன்ட் வரிசையின் வாசற்படியைத்தான் அது தாண்டியிருந்தது. சென்னையில் அடி இதைவிடப் பலம். 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்குத் ‘தண்ணீர்த் தட்டுப்பாடு’ என்று தாராளமாகத் தலைப்பு வைக்கலாம். குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதுதான் பெயர்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் வாரத்தில் மட்டும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் சராசரியே சொற்பம் என்பதால் ‘80 சதவீதம் குறைவு’ என்ற எண் சுலபமாக விழும். இரண்டு நாள் நல்ல மழை அதைத் துடைத்துப் போட்டுவிடும். எண்ணோடு எந்தத் தேதி வரைக்குமான கணக்கு என்பதையும், எத்தனை மி.மீ. பெய்தது என்பதையும் முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.