தொடர் தோல்வியும் தளராத நோக்கும்



விளையாட்டில் வெல்வதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். தோல்வியைத் தாங்குவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றால் பொறுத்துக்கொள்கிறோம். மூன்று, நான்கு, ஐந்து எனத் தோல்வி நீளும்போதுதான் நம் நிதானம் குலைகிறது. அவ்வேளையில் ஒரு குழுவை எவ்வாறு நோக்குவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்குக் காற்பந்துக் குழு 2017ஆம் ஆண்டில் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2020இல் பிரிமியர் லீக்கில் முதலிடம் பெற்று மீண்டும் மேலேறியது. 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022இல் அதே லீக்கில் கடைசி இடம். இவற்றுள் ஏதேனும் ஓராண்டை மட்டும் பார்த்து, "இக்குழு இவ்வளவுதான்" என்று எவரேனும் முடிவு கட்டினால், அம்முடிவு பின்னர்ப் பொய்யாகியிருக்கக்கூடும். ஒரு குழுவை அளக்க ஒரு கிழமையோ ஒரு பருவமோ போதாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்து நம் தேசியக் குழு. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாலஸ்தீனத்திடம் ஆறு கோல்களில் தோற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10–0 எனத் தோற்றது. நாடே கொதித்தது. ஐந்து நாள் கழித்து, ஷா ஆலாமில் சவூதி அரேபியாவை எதிர்த்து நம்மவர் ஆடினர். அன்று முதல் கோலைப் போட்டவர் நம்மவரே. பின்னர்ச் சவூதி இரண்டு கோல்களைப் போட்டு முந்தியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சினங்கொண்ட இரசிகர் சிலர் திடலுக்குள் தீச்சுடர்களையும் பட்டாசுகளையும் வீசினர். ஆட்டம் நின்றது. சவூதி 3–0 என வென்றதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது.

மாணவர்களே, இங்குச் சற்று நின்று சிந்தியுங்கள். பத்துக் கோல்களில் தோற்ற குழு, ஐந்தே நாளில் ஆசியாவின் வலிய குழுவொன்றை எதிர்த்து ஒரே கோல் பின்தங்கிய நிலைவரை வந்துவிட்டது. அதுவும் தோல்விதான், ஆயினும் முன்னைய தோல்வி அன்று. அந்த வேறுபாட்டைச் சினம் கொண்ட கண்கள் காணவில்லை. எழுந்த புகை அதனை மறைத்துவிட்டது.

பின்னர் நடந்ததையும் அறிதல் வேண்டும். மீட்சி உடனே வந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் நம் நாடு 178ஆம் இடத்திற்கு இறங்கியது. அவ்வாண்டின் இறுதியிலோ தென்கிழக்காசிய வாகையர் போட்டியின் இறுதி ஆட்டம்வரை சென்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் புக்கிட் ஜாலிலில் வங்காளதேசத்தை 4–1 என வென்று, 1980க்குப் பின் முதன்முறையாகத் தன் ஆற்றலால் ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த அப்போட்டியில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறுவது உறுதியான பிறகும், மூன்றாம் ஆட்டத்தில் தென்கொரியாவுடன் 3–3 எனச் சமநிலை கண்டது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டம் உண்டு. அங்குப் பெரிய குழுக்கள் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். முதலிடம் பெறும் குழுவும் ஐம்பது, அறுபது ஆட்டங்களில் தோற்பது அங்கு இயல்பு. 1988ஆம் ஆண்டில் பால்டிமோர் ஒரியோல்ஸ் என்னும் குழு, பருவத்தின் முதல் 21 ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. மறு ஆண்டு அதே குழு 87 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இருபது சென் நாணயத்தை ஐம்பது முறை சுண்டி, விழும் பக்கத்தை வரிசையாக எழுதுங்கள். ஒரே பக்கம் நான்கு முறை தொடர்ந்து விழுவதை உங்களுள் பெரும்பாலோர் காண்பீர்கள். நாணயத்தில் குறையில்லை, நீண்ட கணக்கில் இத்தகைய தொடர்கள் தாமே வரும். சமபலமுள்ள குழுக்கள் மோதும்போதும் அவ்வாறே.

அப்படியாயின் தோல்வியைப் பற்றிக் கவலையே வேண்டாவா? அதுவும் தவறு. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது நன்கு விளங்கும். இலையுதிர் காலத்தில் இரப்பர் மரத்தில் பால் குறையும். அதற்காக எவரும் மரத்தைச் சாய்ப்பதில்லை. புதுத்தளிர் முற்றும்வரை பொறுத்திருப்பர். ஆனால் அளவுக்கு மிஞ்சிச் சீவியதால் பட்டை காய்ந்து பால் நின்றிருந்தால், வெறுமனே பொறுத்திருப்பதால் பயனில்லை. கத்தியை நிறுத்தி மரத்திற்கு ஓய்வு தரவேண்டும். பருவத்தால் வந்த குறைவு எது, பழுதால் வந்த குறைவு எது எனப் பகுத்தறிவதே தேர்ந்த கண். குழுவைப் பார்க்கும்போதும் அக்கண்ணே வேண்டும்.

இவ்வாண்டு நம் பள்ளிக் காற்பந்துக் குழு வென்றவை சில, தோற்றவை பல. பெற்றோர் சிலர், "பந்து போதும், புத்தகத்தை எடுக்கட்டும்" என்றனர். மாணவர் சிலர் மாலைப் பயிற்சிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டனர். பெற்றோரின் கவலையை நாம் மதிக்கிறோம். எனினும் குழுவைக் கலைப்பதில்லை என முடிவு செய்துள்ளோம். தோற்கும்போது கலைந்துவிடலாம் என்று பத்து வயதில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, கணக்குப் பாடத்தில் இருமுறை தவறினாலும் அதனையே செய்வான்.

ஆகவே ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்போம். சென்ற ஆட்டத்தைவிட இன்று எதில் தேறினோம்? எதில் தவறினோம்? அடுத்த ஆட்டத்திற்குள் எதனைத் திருத்த இயலும்? விடைகளை மாணவர்களே தங்கள் ஏட்டில் எழுதி வருவார்கள். திடலோரம் நிற்கும் பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல்?" என்று கேட்குமுன், "இன்று என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.