கூஸ் முட்டை: தாயா, கோழியா, இன்குபேட்டரா?

தோட்டத்துக் காவலுக்காக ஒரு ஜோடி கூஸ் வாத்து வாங்கியவர்கள், பெட்டை முட்டையிடத் தொடங்கியதும் அடுத்த கேள்விக்கு வருகிறார்கள்: இதை யாரிடம் அடை வைப்பது? கோழிக்குஞ்சு 21 நாளில் பொரிந்துவிடும். கூஸ் குஞ்சுக்கு 28 முதல் 32 நாள் வரை ஆகும். முட்டையும் கோழிமுட்டையைவிட இரண்டரை மடங்குக்குக் குறையாமல் எடை இருக்கும். எந்த வழி ஒத்துவரும் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

தாய் வாத்து அடைக்கு உட்கார்ந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. எட்டுப் பத்து முட்டைகளை அதுவே அணைத்துக்கொள்ளும், புரட்டிவிடும். இரை தேடி இறங்கும்போது குளித்துவிட்டு ஈர இறகோடு திரும்புவதால் முட்டைக்கு வேண்டிய ஈரமும் கிடைத்துவிடுகிறது. ஆண் கூட்டருகிலேயே காவல் நிற்கும். குறை இரண்டு: அலகின் மேல் புடைப்புள்ள சீன இனத்துப் பெட்டைகளில் பல அடையில் நிலைப்பதில்லை, அடைக்கு உட்கார்ந்ததும் முட்டையிடுவதும் நின்றுவிடும்.

தாய் உட்காராவிட்டால் அடுத்து மணிலா வாத்து. தன் முட்டைக்கே 35 நாள் அடை காக்கும் பறவை அது, பொறுமைக்குக் குறைவில்லை. ஐந்தாறு முட்டை வைக்கலாம்.

நாட்டுக்கோழிக்கு நான்கு முட்டை போதும். 21 நாள் கடந்ததும் சில கோழிகள் கூட்டை விட்டு எழுந்துவிடும் என்பதால், அடை கிடந்து பழகிய கோழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனமான முட்டையை அதனால் சரியாகப் புரட்ட முடியாது. கோழி இரைக்கு இறங்கும்போது நாளுக்கு இரண்டு முறை கையால் திருப்பிவிட வேண்டும். கோழி குளிப்பதில்லை, ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரையும் லேசாகத் தெளிக்க வேண்டும்.

நிறைய முட்டை சேரும் வீட்டுக்கு இன்குபேட்டர் பொருந்தும். முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுவதால் பெட்டை தொடர்ந்து இடும். ஆனால் வேலை அதிகம். காற்றாடி உள்ள இயந்திரத்தில் வெப்பம் 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். முட்டையைப் படுக்கவைத்து 180 டிகிரி திருப்ப வேண்டும். இரண்டாம் வாரம் முதல் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு நீர் தெளிக்க வேண்டும். கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தை 75 சதவீதம் வரை உயர்த்த வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், மாற்று மின்சாரம் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

பொரித்த பிறகும் வேறுபாடு தொடர்கிறது. தாய் வளர்க்கும் குஞ்சுக்குத் தாயே சூடு. இயந்திரக் குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரிக்குக் குறையாமல் சூடு தரும் புரூடர் பெட்டி வேண்டும். அந்தக் குஞ்சு முதலில் பார்க்கும் மனிதரையே தாயாக எண்ணிப் பின்தொடரும். 1973இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரன்ஸ் இதைக் கூஸ் குஞ்சுகளிடம்தான் விரிவாக ஆராய்ந்தார். இப்படி வளர்ந்த ஆண் மனிதருக்கு அஞ்சாது; இனப்பெருக்கப் பருவத்தில் வீட்டாரையே கொத்த வரக்கூடும்.

ஆகவே ஒரு ஜோடி வைத்திருப்பவருக்குத் தாய் அல்லது மணிலா வாத்து. நான்கு குஞ்சுக்கு மேல் வேண்டாமென்றால் நாட்டுக்கோழி. விற்பனை நோக்கம் இருந்தால் மட்டும் இன்குபேட்டர். பறவை எதுவானாலும், முதலில் போலி முட்டையை வைத்து, இரண்டு நாள் கூட்டில் நிலைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகாத முட்டைகளை, எல்லாவற்றையும் ஒரே நாளில் அடை வையுங்கள்.