குரலைத் தேடும் பெறாமகளுக்கு

பேர்ண்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் மடலும் அதோடு வந்த மூன்று குரல் மாதிரிகளும் கிடைத்தன. ஹெட்போனில் ஒருக்கால், குசினியில் சமைத்தபடி ஸ்பீக்கரில் ஒருக்கால் என்று இரண்டு விதமாகவும் கேட்டேன். எங்கள் ஆட்களில் பலர் சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவில்தான் உன் ஒலிநூலைக் கேட்கப்போகிறார்கள். அந்தச் சத்தத்துக்கும் குரல் தாங்கவேண்டும்.

வன்னி நாவல், பழைய சரித்திரக் கதை, சிறுவர் கதைகள் என்று நீ எடுத்திருக்கும் மூன்றுக்கும் ஒரே குரலைப் பிடித்தால் அடையாளம் நிற்கும், செலவும் குறையும் என்று எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு உடன்பாடில்லை. குரலைப் பிடிக்கமுதல் புத்தகத்தைத் திரும்ப வாசி. அதில் பேசுகிறவர்கள் எந்த ஊர், என்ன வயது, யாரோடு எப்படிக் கதைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகத் தேடு.

கேட்பவர் யார் என்பதையும் அதே தாளில் எழுது. எண்பதுகளில் இங்கே சுவிஸில் வந்திறங்கிய எங்களுக்கு இப்போது கண் மங்குகிறது. உணவகத்திலும் துப்புரவிலும் நாள் முழுக்க நின்றவர்களுக்கு இரவில் புத்தகம் பிடிக்கத் தெம்பில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் எழுத்துப் படித்தவர்கள்தான். வீட்டுப் பேச்சும் அவர்களுக்கு விளங்கும். ஆனால் நானூறு பக்க நாவலை எழுத்துக்கூட்டி முடிக்கப் பொறுமை இராது. காதால் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காது அம்மம்மாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது என்பதை மறந்துவிடாதே.

இனி மாதிரிகளுக்கு வருகிறேன். முதலாவது, சென்னையில் டப்பிங் செய்யும் தம்பி. கம்பீரமான குரல், மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியவில்லை. ஆனால் நீ கொடுத்த வன்னி நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் கிழவி நாலு தரம் ‘ஓம்’ என்கிறாள். முதலாவது சம்மதம், இரண்டாவது சந்தேகம், மூன்றாவது ‘சொல்லு, கேக்கிறன்’, கடைசி கோபம். தம்பி நாலையும் கோயிலில் பிரணவம் சொல்வதுபோல ஒரே மாதிரி நீட்டிவிட்டார். ‘ரொறன்ரோ’ என்று அச்சில் கிடந்ததை எழுத்துக்கு எழுத்து வாசித்தார். நாங்கள் எந்த ஒலிக்கு எந்த எழுத்தைப் போடுகிறோம் என்று அவருக்கு யார் சொன்னது? ‘உவன்’ என்ற எங்கள் பேச்சுச் சொல் வந்த இடத்தில் அச்சுப்பிழை என்று நினைத்து ‘அவன்’ என்று திருத்தியும் விட்டார். பிழை அவரில் இல்லை. அந்தப் பக்கம் அவருக்குரிய பக்கமே இல்லை. அந்தச் சரித்திரக் கதையை அவரிடம் கொடு, அரசவைக் காட்சிகளில் மனுசன் பிய்த்து வாங்குவார்.

பேச்சு வழக்குக்கு அந்த வழக்கின் குரலே வேண்டும் என்பது இந்த நாட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். எழுத்தாளர் பெட்ரோ லென்ஸ் 2010இல் ‘டெர் கோலி பின் இக்’ நாவலைப் பேர்ண் பேச்சு வழக்கிலேயே எழுதினார். ஒலிநூலுக்கும் அவரே வாசித்தார். பெர்லின் நடிகர் ஒருவர் சுத்தமான ஹோக்டொய்ச், அதாவது பொது ஜெர்மன் நாக்கால் அதை வாசித்திருந்தால் பேர்ண்காரர் ஐந்து நிமிடம் கேட்டிருப்பார்களா? அதற்காக எழுத்தாளர் எல்லோரையும் மைக்குக்கு முன் இருத்திவிடாதே. எழுதத் தெரிந்த பலருக்குத் தங்கள் வசனத்தையே வாசிக்க வராது.

எங்கள் நாவல்களில் சிக்கல் இன்னும் கூட, ஒரே புத்தகத்துக்குள் இரண்டு மூன்று வழக்குகள் இருக்கும். இங்கே சுவிஸில் வாழும் சயந்தனின் ‘ஆதிரை’ 2015இல் வந்தது. மலையகத்திலிருந்து போய் வன்னியில் குடியேறியவர்களும் அந்த மண்ணின் பழைய ஆட்களும் அதில் பக்கத்தில் பக்கத்தில் கதைப்பார்கள். அப்படியான நாவலை வாசிப்பவருக்குத் தன் ஊர்ப்பேச்சு மட்டும் தெரிந்தால் போதாது, மற்ற ஊர்ப்பேச்சையும் கேட்டுப் பழகிய காது வேண்டும்.

இரண்டாவது மாதிரி, இங்கே பிறந்த பிள்ளையின் குரல். கண்ணாடிபோலத் தெளிவு. ‘ர’ கொஞ்சம் தொண்டைக்குள் போகிறது, வசனத்தின் கடைசியில் சுவிஸ் டொய்ச் ராகம் ஏறுகிறது. இதைக் குறையென்று நினைத்துத் தள்ளிவிடாதே. சிறுவர் கதைகளைக் கேட்கப்போகிற பிள்ளைகளும் அப்படித்தான் கதைக்கிறார்கள். தங்களைப்போல ஒரு அக்கா கதை சொல்கிறாள் என்று ஒட்டிக்கொள்வார்கள். தடுமாறுகிற ழகரத்தை மட்டும் கொஞ்ச நாள் இருந்து பழக்கு.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ரீச்சர். பிறந்தது வடமராட்சி, பல வருடம் படிப்பித்தது வன்னி. மெல்லிய கரகரப்பு உண்டு. நாலு ‘ஓம்’ஐயும் நாலு விதமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நாவலுக்கு அவரைத்தான் நான் சொல்வேன். ஆனால் நீ பதிந்து அனுப்பியது ஐந்து நிமிடம், நாவல் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ஒரே பக்கத்தை அவர் வந்து இருந்தவுடன் ஒருக்கால், இரண்டு மணி நேரம் வாசித்த பிறகு ஒருக்கால் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள். சுருதி இறங்கினால், வேகம் கூடினால், வசனத்தின் வால் விழுங்கப்பட்டால் ஒரு அமர்வை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடி. ‘ச’ வருகிற இடங்களில் பல்செட் சின்னதாகத் தட்டுகிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பார். இடைக்கிடை வெந்நீர் கொடு, பால் தேத்தண்ணி வேண்டாம்.

நடிக்கவேண்டுமா, வாசித்தால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போகும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு ரேடியோவைச் சுற்றி இருந்தவர்கள் நாங்கள். அது நாடகம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஆள் இருந்தார். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் வேகமோ பாட்டுக்கு முன் அரை நிமிடத்துக்கு அமிர்தம், பத்து மணி நேரத்துக்கு ஆகாது. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு வழியிலும் ஒலியாக வந்திருக்கிறது. பாம்பே கண்ணன் பல கலைஞர்களைச் சேர்த்து நாடகமாக்கினார். தீபிகா அருண் ‘கதை ஓசை’யில் தனி ஒருவராக வாசித்தார். இரண்டையும் ஒரு அத்தியாயம் கேட்டுப் பார். உன் கைக்கு அடக்கமானது இரண்டாவது வழி. அதில் கிழவிக்காகக் குரலைக் கிழவியாக்கத் தேவையில்லை. வேகத்தையும் எடுப்பையும் கொஞ்சம் மாற்றினாலே யார் கதைக்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

ஒலிப்பதிவுக்கு உங்கள் கட்டடத்தின் நிலவறைப் பங்கரைப் பாவிக்கலாமா என்கிறாய். ஊரில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடினோம், இங்கே கோயில் மணிக்குப் பயந்து ஓடுகிறாய்! தேவாலய மணி கால் மணிக்கொருதரம் அடிக்கிற ஊரில் அது நல்ல யோசனைதான். ஆனால் கொங்கிறீற் சுவர் குரலை அப்படியே திருப்பி எறியும். மூன்று பக்கமும் தடித்த கம்பளி தொங்கவிடு, நிலத்தில் கம்பளம் விரி, பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வை. காற்றோட்டி ஓடினால் நிறுத்து. யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்து வைத்துக்கொள், வெட்டி ஒட்டும் இடங்களில் உதவும். அமேசானின் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவுகளை இலக்காக வைத்தால் பெரும்பாலான இடங்களில் ஏற்பார்கள். சராசரி மட்டம் -23க்கும் -18 டெசிபெலுக்கும் இடையில், உச்சம் -3ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் -60க்குக் கீழே இருக்கவேண்டும்.

வாசிக்கத் தொடங்கமுதல் ஊர்ப்பெயர், ஆட்பெயர், வெளிநாட்டுச் சொல் எல்லாவற்றுக்கும் உச்சரிப்புப் பட்டியல் போடு. பதிந்த பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்க இன்னொரு ஆள் வேண்டும். வாசித்தவரும் எடிற் செய்தவரும் அந்த வேலைக்குச் சரிவராது, அவர்களுக்குப் பிழை காதில் விழாது. முடிந்த ஒலி ஒரு மணி நேரத்துக்குப் பதிவு, எடிற்றிங், சரிபார்ப்பு எல்லாமாக ஆறேழு மணி நேரம் போகும். அதைக் கணக்குப் பண்ணித்தான் காசு பேசு. முடிந்த ஒலி மணிக்கு இவ்வளவு என்று பேசுவதே இந்தத் தொழிலின் வழக்கம். திருத்திப் பதிய வருகிற நாளும் அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே தெளிவாக்கு.

கண் தெரியாதவர்களையும் கணக்கில் எடு. சூரிச்சில் அவர்களுக்கான நூலகம் 1903இலிருந்து இருக்கிறது. லோசானின் ஒலிநூலகத்தில் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிகிறார்கள். அத்தியாயம், பக்கம் என்று தாவிக் கேட்க வழிசெய்யும் டெய்சி முறையை வளர்த்த கூட்டமைப்பு 1996இல் தொடங்கியது, அதுவும் சுவிஸில் பதிவான சங்கம்தான். உன்னால் அவ்வளவு முடியாவிட்டாலும் அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் போட்டு, அத்தியாயத் தலைப்பை வாயால் சொல்லவை. விட்ட இடத்தை ஒரு கிழவர் தடவிக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

உரிமை விசயத்தில் சொந்தம், சிநேகிதம் பார்க்காதே. எழுத்தாளர் உரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1886இல் கையெழுத்தானது இந்தப் பேர்ணில்தான். எழுத்தாளர் இறந்தபின் உரிமை சுவிஸிலும் இலங்கையிலும் 70 வருடம், இந்தியாவில் 60 வருடம். அச்சு உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்திடம் ஒலி உரிமையும் இருக்கும் என்று நம்பிவிடாதே. எழுத்தாளரிடமோ குடும்பத்திடமோ தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கு. வாசிப்பவருடைய ஒப்பந்தத்தில், இந்தக் குரலைக் கொண்டு கணினியில் செயற்கைக் குரல் செய்யமாட்டோம் என்று ஒரு வரி கட்டாயம் சேர். ரீச்சர் கேட்கமாட்டார். கேட்காதவருக்குத்தான் அது எழுதப்படவேண்டும்.

வாற கிழமைக்குள் ரீச்சரிடம் இரண்டு மணி நேரச் சோதனையை எடுத்து எனக்கு அனுப்பு. குரல் நின்றால் நாவலுக்கு ஒப்பந்தத்தை எழுது. நிற்காவிட்டால் சொல்லு, கிளிநொச்சிப் பக்கம் வானொலி நாடகம் நடித்த ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும். சென்னைத் தம்பிக்கு இன்றைக்கே பதில் போடு. நாவல் இல்லை, சரித்திரக் கதை தருகிறோம் என்று நேரே சொல். பதிலுக்குப் பார்த்துக்கொண்டு அவர் வேறு வேலையை விட்டுவிடக்கூடாது.

அன்புடன்,
சித்தப்பா