மூழ்கிய டிராக்டர்: சாவி யார் கையில்?

கேள்வி: ஐயா, வாலாஜாபாத் பக்கம் பாலாற்றை ஒட்டி எங்கள் நிலம். வீட்டில் இரண்டு குழித்தறி, கழனிக்கு ஒரு பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர். ஏரி கலங்கல் பாய்ந்ததில், பம்புசெட் கொட்டகையில் நின்ற வண்டி இரண்டு நாள் சீட்டு உயரத்துக்குத் தண்ணீரில் கிடந்தது. நேற்றுதான் வடிந்தது. “செல்ஃப் அடித்துப் பார்க்கலாம், ஓடினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்” என்கிறான் அண்ணன் மகன். மெக்கானிக் வர நான்கு நாள் ஆகுமாம். அதுவரை அப்படியே விடலாமா?
— ஒரு வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: முதலில் சாவியை அண்ணன் மகனிடமிருந்து வாங்கி உங்கள் மடியில் முடிந்துகொள்ளுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், நெகட்டிவ் முதலில். பானெட்டைத் திறக்கும்போது ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கையை விடுங்கள். வெள்ளத்தில் பாம்புக்கும் மேடு தேவைப்படும்.

செல்ஃப் ஏன் அடிக்கக் கூடாது? டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 17-ல் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசலைத் தீப்பிடிக்க வைக்கிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அந்தச் சிறு இடத்தில் கொள்ளாத அளவுக்குத் தண்ணீர் நின்றால், ஏதாவது ஒன்று வளைந்துதான் ஆக வேண்டும். வளைவது கனெக்டிங் ராடு. கொஞ்சமாக வளைந்தால் வண்டி ஓடவும் செய்யும். சில வாரம் கழித்து, சேற்றுழவின் நடுவில் ராடு முறிந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டபோதும், தண்ணீர் கெடுத்ததைவிட அவசரத்தில் செல்ஃப் அடித்துக் கெடுத்ததுதான் அதிகம் என்பது என் கணக்கு. நனைந்த பாவை யாராவது தறியில் வைத்து வெட்டி இழுப்பார்களா? நெசவு வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

ஆனால் நான்கு நாள் சும்மா விடவும் கூடாது. நம் காஞ்சிபுரத்து அத்தி மரப் பெருமாள் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்து 2019-ல் எழுந்தருளினார், 48 நாள் தரிசனம் தந்து மறுபடி நீருக்குள் போனார். காற்றுப் படாத நீருக்குள் அத்தி மரம் கெடுவதில்லை. இரும்புக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். முழுக்க நீரில் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும், வெளியே வந்து ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஓரிரு நாளில் சிலிண்டர் சுவர் சிவந்துவிடும். உங்கள் வண்டிக்குக் கெடு நேற்றுத் தொடங்கிவிட்டது.

இன்றே செய்ய வேண்டியது இது. தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ் பற்றிக் கீழே சொல்வதையும் முதலில் படித்துவிடுங்கள். பிறகு இன்ஜின் ஆயில் சேம்பர் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். அதனால் முதலில் வருவது தண்ணீர்தான். மோர் போல வெளுத்து வந்தால் இரண்டும் கலந்துவிட்டது என்று பொருள். ஆயில் ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தில் சேறு இருக்கும். அங்கிருந்து மேனிஃபோல்டு வரை ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமே இல்லையென்றால் பாதிப் பிழைத்தீர்கள்.

ஈரம் இருந்தால் நாசில் மூன்றையும் கழற்ற வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், கூப்பிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். நாசில் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். எங்கேனும் இடித்து நின்றால் பலம் காட்ட வேண்டாம், அதோடு நிறுத்துங்கள். லேசாகச் சுற்றினால் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றி, துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். சேம்பரில் மலிவான ஆயிலையாவது நிரப்பித் தினம் இரண்டு சுற்று சுற்றினால் மெக்கானிக் வரும்வரை தாங்கும். திரும்ப மாட்டும்போது நாசிலுக்குப் புதுச் செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள். பழையதையே மாட்டிக் காசு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் புகையோடு மல்லுக்கட்டுவார்கள்.

டீசல் டேங்கிலும் அடியில் தண்ணீர் இருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். ஃபில்டர்கள் புதிதாகத்தான் போட வேண்டும். டீசல் பம்பை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு துருப்புள்ளி போதும் இறுகிப்போக. பம்பு சர்வீஸ் செய்யும் கடைக்கு அனுப்புங்கள். செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கழன்று போய்க் காய வேண்டியவை.

எல்லோரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டு கிளட்சை மறந்துவிடுகிறார்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு சிறு வடிகால் துளை உண்டு, சேறு அடைத்திருக்கும், குத்திவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் எண்ணெயும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் வாங்கியிருக்கும். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான், அளவும் அதிகம், செலவு உறைக்கும். வேறு வழியில்லை. வண்டியை இழுக்க நேர்ந்தால் நியூட்ரலில் மட்டும் இழுங்கள். கியரில் கிடந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வைக்கும், செல்ஃப் அடித்ததும் அதுவும் ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கானது மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் வராது. முழுப் பாலிசி இருந்தால், எதையும் கழற்றும் முன்பே இன்று தகவல் சொல்லி, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் வடிக்கப் போவதையும் சொல்லிவிடுங்கள். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தது என்று தெரிந்தால் அந்தப் பணத்தை மறுப்பதுதான் வழக்கம்.

மெக்கானிக் ஓடவிட்ட முதல் நாள், கால் மணி நேரம் சுமையில்லாமல் ஓடட்டும். எண்ணெயை வடித்துப் பாருங்கள். வெளுப்பு இருந்தால் மறுபடி மாற்றுங்கள், நிறம் தெளியும்வரை. ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டினால், அண்ணன் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, வடிந்த அன்று ராத்திரி செல்ஃப் அடித்தானா என்று கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். ஹெட்டை இறக்கி ராடு பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பது அவன் பதிலில் இருக்கிறது.