தொண்டிச் சாலை கடலில் முடிகிறது

பிளஸ் டூ முடிவு வந்ததும் காளையார்கோவில் வீடுகளில் நடக்கும் பேச்சு எனக்கு அத்துப்படி. நர்சிங், இன்ஜினீயரிங், பி.காம். என்று பேச்சு ஓடும். "கடலைப் பத்திப் படிக்கணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "நம்ம ஊர்ல ஏது கடலு? கண்மாயே காஞ்சு கெடக்கு" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு பதிலுக்குள் பல தவறான நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு பிள்ளையின் ஆசை அவற்றால் அணைந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை 1: கடல் படிப்பு கடற்கரைக்காரர்களுக்குத்தான்.

உண்மை: மதுரையிலிருந்து நம் ஊர் வழியாகப் போகும் சாலை, திருவாடானையைத் தாண்டித் தொண்டியில் கடலைத் தொடுகிறது. இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை இயங்குவது அந்தத் தொண்டியில்தான். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கொச்சிக்கு மாறுவதற்கு முன் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் இருக்கிறது.

கடற்கரையில் இருந்தால்தான் கடலைப் படிக்க முடியும் என்பதும் இல்லை. சுனாமி எச்சரிக்கை தரும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருப்பது கடலே இல்லாத ஐதராபாத்தில். செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் வைத்து, எங்கே மீன் கூடும் என்று அங்கிருந்தே மீனவர்களுக்குச் சொல்கிறார்கள். நிறத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நுண்பாசி பெருகிய இடத்தில் நீரின் நிறம் மாறும். பாசி இருக்கும் இடத்துக்குச் சிறு மீன் வரும். அதைத் தேடிப் பெரிய மீனும் வரும்.

நம்பிக்கை 2: அது வெறும் மீன் படிப்பு.

உண்மை: மீனையே எடுத்துக்கொள்வோம். சின்ன வயதில் அப்பத்தா கத்தாழை மீன் ஆயும்போது, தலையைப் பிளந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். பால் பல்லைப் போல வழவழவென்று இருக்கும். விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். அது மீனின் செவிக்கல் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். மீன் நீரில் நிலை தடுமாறாமல் நீந்தவும் ஒலியை உணரவும் உதவுவது அதுதான். மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவது போல அதிலும் வளையங்கள் உண்டு. மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மீனின் வயதைக் கணக்கிடலாம். குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையம்கூடப் படியும்.

வயது தெரிந்தால், முட்டையிடும் முன்பே பிடிபடும் மீன் எவ்வளவு என்பது தெரியும். எந்த மாதத்தில் வலை போடக் கூடாது, எந்த அளவுக் கண்ணி ஆகாது என்ற முடிவுகளுக்கு இப்படிப்பட்ட கணக்குதான் அடிப்படை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் என்று எதில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கும் இந்தப் படிப்பில் இடம் இருக்கிறது.

நம்பிக்கை 3: தொண்டிப் பக்கம் கடல் ஆழமில்லாத சேறு, ஆராய அதில் ஒன்றுமில்லை.

உண்மை: ஆழமில்லாததுதான் பாக் விரிகுடாவின் செல்வம். வெயில் அடிமட்டம் வரை இறங்குவதால் அங்கே கடற்புல் வெளிகள் விரிந்து கிடக்கின்றன. கடற்புல் பாசி அல்ல. வேரும் பூவும் விதையும் உள்ள செடி. இறால் குஞ்சும் கடல் குதிரையும் அதில்தான் ஒதுங்குகின்றன. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். ஒரு ஆவுளியா நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல்லைத் தின்னும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்று ஈனும். அதனால் ஒன்று செத்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. தொண்டியிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் அந்தப் பகுதி வந்துவிடும்.

நம்பிக்கை 4: பவளப்பாறை வெறும் கல்.

உண்மை: அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. கல்தானே என்று சுண்ணாம்புக்காக வெட்டியதன் விளைவை மன்னார் வளைகுடா பார்த்துவிட்டது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் மண் அரித்துக்கொண்டு போனது.

நம்பிக்கை 5: கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்.

உண்மை: இதை விவசாயியிடம் சொல்ல எனக்கும் தயக்கம் உண்டு. கண்மாய் நிறையாத ஊரில் ஒவ்வொரு சொட்டும் பெரிது. கண்மாயைத் தூர்வாரித் தேக்கத்தான் வேண்டும். ஆனால், மிஞ்சி ஓடும் வெள்ளம் வீணில்லை. நம் பக்கத்துக் காட்டாறுகள் கிழக்கே பாக் விரிகுடாவை நோக்கி ஓடுகின்றன. அவை கொண்டுபோகும் வண்டலும் சத்தும் நுண்பாசிக்கு உணவு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு முகத்துவாரத்துக்கு வந்து, நன்னீரும் உப்புநீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. நல்ல நீர் வரத்து அறவே நின்றால் அந்தத் தொட்டில் கெட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கண்மாயை நிரப்பும் மழையும் வங்கக் கடலிலிருந்து எழுந்து வந்ததே. கடல் தந்ததில் கொஞ்சம் கடலுக்கே திரும்புகிறது.

நம்பிக்கை 6: பெண் பிள்ளைக்குக் கடல் ஆகாது.

உண்மை: பாம்பன் பக்கம் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். படித்தவர்களிலும் முன்னோடி உண்டு. கடலியல் அறிஞர் அதிதி பந்த் 1983-இல் புறப்பட்ட பயணத்தில் அண்டார்டிகா சென்றார். அவரும் நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தாவும்தான் இந்தியாவின் அண்டார்டிகா ஆய்வுப் பயணத்தில் இடம்பெற்ற முதல் பெண்கள்.

நம்பிக்கை 7: படித்தால் வேலை கிடைக்காது.

உண்மை: வெறும் இளநிலைப் பட்டத்தோடு உடனே வேலை என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆராய்ச்சிப் பணிக்கு முதுநிலையும் அதற்கு மேலும் படிக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. பிளஸ் டூ-வில் உயிரியல் எடுத்தவர் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. படிக்கலாம். விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டம் பெற்றவர் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுநிலை சேரலாம். மீன்வளத் துறை, இறால் பண்ணை, ஏற்றுமதி ஆலையின் தரக்கட்டுப்பாடு, ஆய்வு நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒருநாள் பிள்ளையோடு தொண்டி பஸ்ஸில் ஏறுங்கள். காலையில் வலை கரை சேரும் நேரத்துக்குப் போய், வலையிலிருந்து உதறும் ஒவ்வொன்றின் பெயரையும் மீனவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பெயர் கேட்டதும் திரும்பிவிடலாம் என்கிற பிள்ளையை வேறு படிப்பில் சேருங்கள். பதினொன்றாவதையும் கேட்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்.